படகின் சிராய்ப்பும் துறைமுகத்தின் கணக்கும்

அரசர்களின் வெற்றிகளைக் கல்லிலே வெட்டிவைத்த நமது வரலாறு, உழைப்பவனின் கருவிகள் எவ்வாறு தேய்ந்தன, அவற்றை அவன் எவ்வாறு செப்பனிட்டான் என்பதைப் பதிந்துவைக்கவில்லை. ஆயினும் கடற்றொழிலாளியின் வரலாற்றுக்கு ஓர் ஏடு உண்டு; அது அவனுடைய படகின் மேனி. அங்கே விழுந்துள்ள ஒவ்வொரு சிராய்ப்பும் ஒரு பொருளாதார உறவைச் சொல்கிறது.

கல்முனை, நிந்தவூர், ஒலுவில் முதலிய ஊர்கள் அலை நேரே வந்து மோதும் திறந்த கரையில் அமைந்தவை. இங்கே படகை மணலில் ஏற்றுவதும் மீண்டும் கடலில் தள்ளுவதுமே நாளாந்த வேலை. எனவே அன்று காயம் படகின் அடியில் விழுந்தது. இத்தகைய கரைகளுக்குப் பழைய தச்சன் கண்ட விடை வியப்புக்குரியது. பலகைகளை ஆணியால் இறுக்காமல் கயிற்றால் தைத்தான். தைத்த படகு அலையின் அடியை நெகிழ்ந்து ஏற்கும். ஆணி அறைந்த பலகையோ பிளந்துவிடும். சோழமண்டலக் கரையின் மசூலாப் படகு இவ்வகையானதே. 1998இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே கண்டெடுக்கப்பட்ட 9ஆம் நூற்றாண்டு வணிகக் கப்பலும் தைத்துக் கட்டப்பட்டதே. தேய்ந்த பலகையின் தையலை அறுத்து, வேறு பலகை வைத்துத் தைத்தால் படகு மீண்டும் கடலுக்குப் போகும். நாரும் பலகையும் அறிவும் கடலோரச் சமூகத்தின் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தன.

கடந்த நூற்றாண்டின் பிற்பாதியில் இயந்திரமும் கண்ணாடி இழைப் படகும் வந்தன. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அம்பாறைக் கரையைச் சூறையாடிய பின்னர், நிவாரணமாக வந்த படகுகளிலும் கண்ணாடி இழைப் படகுகளே மிகுதி. இப்படகின் மேற்றோல் ஜெல்கோட் எனப்படும் மெல்லிய பூச்சு. அது நீரைத் தடுக்கும் வரையில் உள்ளிருக்கும் இழைக்குக் கேடில்லை. இறங்குதுறைச் சுவரில் உரசி அது தேய்ந்தால், நீர் இழை வழியே ஊறி உடலை உள்ளிருந்தே நலிவிக்கும். காயம்பட்ட இடத்தை நன்னீரால் கழுவி, முற்றாக உலர்த்தி, விளிம்புகளைச் சரிவாகத் தேய்த்து, இழைத்துணியை ரெசினில் தோய்த்துப் படிப்படியாக ஒட்டி, இறுதியில் ஜெல்கோட் பூசவேண்டும். ஈரத்தின் மேல் பூசிய பூச்சு நில்லாது. ஆனால் உலர்த்துவதற்குப் படகு கரையில் நிற்கவேண்டும். படகு நின்றால் அடுப்பும் நிற்கும். ரெசினோ எண்ணெயிலிருந்து பிறந்து இறக்குமதியாகும் பொருள். 2022இல் இலங்கை ரூபாய் சரிந்தபோது அதன் சுமை இத்தகைய சிறு செலவுகள் வழியாகவே தொழிலாளியின் தோளில் இறங்கியது.

சிராய்ப்பைத் தடுப்பது கடினமன்று. சுவருக்கும் படகுக்கும் இடையே பழைய ரயர்களைத் தொங்கவிடல், முன்னும் பின்னும் கயிறிட்டுப் படகு ஊசலாடாமல் கட்டல், அடிமரத்தில் தேய்வுப்பட்டை பொருத்தல் ஆகியவை போதும். ஆனால் இவை பயன் தருவதற்குத் துறைமுகத்தினுள் நீர் அமைதியாகவும் வாயில் ஆழமாகவும் இருக்கவேண்டும்.

ஒலுவிலின் கதை இங்கேதான் தொடங்குகிறது. துறைமுக அமைச்சராக இருந்த எம்.எச்.எம். அஷ்ரஃப் கண்ட இக்கனவு, 2000இல் அவர் மறைந்த பின்னரே உருப்பெற்றது. 2008இல் பணி தொடங்கியது. டென்மார்க்கின் கடனுதவியுடன் சுமார் 4 கோடியே 60 இலட்சம் யூரோ செலவாயிற்று. 2013 செப்டம்பர் 1ஆம் நாள் ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ அதனைத் திறந்துவைத்தார். ஆனால் இக்கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்வது. அலைதடுப்புச் சுவர்கள் அந்த ஓட்டத்தை மறித்தன. தெற்கே மணல் குவிந்தது. வாயிலை மணல் அடைத்தது. வடக்கே ஒலுவில், நிந்தவூர்க் கரைகளைக் கடல் அரித்துத் தென்னைகளைச் சாய்த்தது.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். படகை ஏற்றிவைத்த மணற்கரை கரைந்தது. அதற்கு ஈடாக வந்த துறைமுகத்தின் வாயிலோ மணலால் தூர்ந்தது. அடித்தட்டு தரைதட்டும் அச்சம் ஒருபுறம், நிற்க இடமில்லா நெருக்கடி மறுபுறம். திட்டம் வகுத்தோர் கணக்கில் மணலின் ஓட்டத்துக்கு உரிய இடமில்லை. அந்தப் பிழையின் வட்டியைப் படகுக்காரன் ரெசினாகவும் வேலையிழந்த நாளாகவும் செலுத்துகிறான்.

துறைமுகமே வேண்டாம் என்று சொல்வது பிற்போக்கு. தெற்கே தேங்கும் மணலை இடையறாது வடக்கே கொண்டுசேர்த்தல், படகைக் கரையேற்றிச் செப்பனிடும் தளம், சுவரெங்கும் உராய்வுத் தடை ஆகியவை துறைமுகத்தின் உறுப்புகள், சலுகைகள் அல்ல. இவற்றைத் தீர்மானிக்கும் அவையில் மீனவர் சங்கங்களுக்கு இடம் வேண்டும். அதே ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே பயில்வோரும் பயிற்றுவோரும் கரையின் அளவையும் படகுகளின் சேதத்தையும் ஆண்டுதோறும் பதிந்து மக்கள் முன் வைப்பார்களாயின், அடுத்த திட்டத்தை வரைவோர் கடற்றொழிலாளிக்குக் கணக்குச் சொல்லியே ஆகவேண்டும்.