தாது வருஷப் பஞ்சமும் அரசாங்கத்தார் கையும்

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் கலைந்த பின்னர்த் திண்ணையில் நிகழ்ந்த வாதமொன்றே இக்கட்டுரை எழுதக் காரணமாயிற்று. பஞ்ச காலத்தில் அரசாங்கத்தார் சந்தையிற் கைவையாது ஒதுங்கியிருத்தலே நலமென்றார் தானியக் கடை நடத்தும் பெரியவர் ஒருவர். ஒதுங்கியிருந்தால் ஏழைகள் மாள்வரென்று கல்லூரியிற் பயிலும் இளைஞர் ஒருவர் மறுத்தார். இருவரும் சான்றாகக் காட்டியது, நம் குடும்பங்களில் வழிவழியாகப் பேசப்பட்டுவரும் தாது வருஷப் பஞ்சத்தையே. ஒரே செய்தி இரு கட்சிக்கும் சான்றாதல் எங்ஙனம் என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

1876-ஆம் ஆண்டில் பருவமழைகள் இரண்டும் பொய்த்தன. சென்னை இராஜதானியில் பல்லாரி, கர்நூல், கடப்பை முதலியனவும், தமிழ் ஜில்லாக்களிற் சேலம், கோயமுத்தூர், வடவார்க்காடு, மதுரை முதலியனவும் வாடின. காவிரிப் பாய்ச்சலுடைய தஞ்சை ஒருவாறு பிழைத்தது. அக்காலத்துக் கவர்னராயிருந்த பக்கிங்காம் கோமகனார் ஏறத்தாழ 30,000 டன் தானியத்தை ஒரு வியாபாரக் கம்பெனியின் வாயிலாக மறைவாகக் கொள்முதல் செய்வித்தார். இந்திய அரசாங்கத்தார் இதனை ஒப்பவில்லை. அரசாங்கமே தானியம் வாங்கப் புகின் வியாபாரிகள் பின்வாங்குவர் என்பது அவர்தம் கொள்கை. வைஸ்ராய் லிட்டன் பிரபு, உணவின் விலையைக் குறைக்கும் நோக்கத்துடன் அரசாங்கம் யாதொன்றும் செய்தலாகாதென உறுதிபட நின்றார். ஆடம் ஸ்மித் 1776-இல் வெளியிட்ட பொருள்நூலும் இக்கொள்கைக்கு ஆதாரமாக இருந்தது.

இங்கே முன்நிகழ்ந்த ஒன்றைக் கூறாது மேற்செல்லல் இயலாது. 1873-74-இல் பீகாரில் விளைவு குன்றியபோது, ஸர் ரிச்சர்ட் டெம்பிள் துரை பர்மாவினின்று நாலரை இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட அரிசியை வருவித்து வழங்கினார். பசியால் மாண்டவர் மிகச் சிலரே. உயிர் காத்ததற்காக அவர் பெற்றது புகழன்று, வீண் செலவாளி என்னும் பழியே. அவரையே 1877-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லிட்டன் பிரபு சென்னைக்கு அனுப்பினார். பழி துடைக்க வந்தவர் சிக்கனமே குறியாக நின்றார். நிவாரண வேலைகளில் நாள் முழுதும் வெயிலில் மண்சுமக்கும் ஆடவனுக்கு ஓர் இராத்தல் தானியத்தின் விலையும் ஓர் அணாவுமே கூலியென்றும், பெண்டிர்க்கும் சிறார்க்கும் அதனினும் குறைவென்றும் விதித்தார். சென்னைச் சுகாதார அதிகாரி கார்னிஷ் என்பவர், இது சிறைக் கைதியின் உணவினும் குறைந்ததென எடுத்துக்காட்டி, ஒன்றரை இராத்தலேனும் வேண்டுமென வாதாடினார். சில மாதங்களில் சென்னை அரசாங்கத்தார் ஒன்றேகால் இராத்தலும் சிறிது பருப்புமாக உயர்த்தினர். அதற்குள் முகாம்களில் மெலிந்து வீழ்ந்தார் பலர்.

நாம் நோக்கவேண்டுவது இதுவே. விலையிற் கைவையோம் என்ற அரசாங்கம் கூலியிற் கைவைத்தது. விற்போன் வேண்டிய விலை கேட்கலாம். உழைப்போன் பெறுவதையோ அவுன்ஸ் கணக்கில் அளந்து குறைக்கலாம். இதனை ஒதுங்கியிருத்தல் என்று எவ்வாறு கூறுவது?

வியாபாரிகள் ஒன்றும் செய்திலர் என்று சொல்லுதலும் நேர்மையன்று. கடல்வழித் தானியம் ஏராளமாக வந்தது. சென்னைக் கடற்கரையில் மூட்டைகள் மலைபோற் குவிந்தன. இருப்புப்பாதை அவற்றை ஏற்றிச்செல்லத் திணறியது. எனினும் ஏறிய விலைக்கு வாங்க உழவுகூலியிடத்தும் நெசவாளியிடத்தும் காசில்லை. நிலம் விளையாதபோது கூலிவேலையும் இல்லை; சோறே அரிதானபோது சேலை வாங்குவார் யார்? காசுள்ள இடத்துக்கே சரக்குச் செல்லும் என்பதை நம் கடைக்காரர்க்கு யாம் சொல்ல வேண்டுவதில்லை. அதே காலத்தில் இந்தியாவினின்று கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறியதும் இந்நியதி பற்றியே.

இறந்தோர் தொகையை ஐம்பது இலட்சத்துக்கு மேலாகக் கணிப்பர். சேலம் ஜில்லாவில் 1871-இல் பத்தொன்பதரை இலட்சமாயிருந்த குடித்தொகை 1881-இல் ஏறத்தாழ பதினாறு இலட்சமாகச் சுருங்கியது. ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி தலைமையில் அமைந்த பஞ்சக் கமிஷன் 1880-இல் அறிக்கை தந்தது; 1883-இல் பஞ்சச் சட்டத் தொகுப்பு உருவாயிற்று. அதன் ஏற்பாட்டில் தானிய வியாபாரம் வியாபாரிகளிடமே விடப்பட்டது. இயலுவோர்க்கு வேலையும் கூலியும், இயலாதார்க்கு உதவியும் அளித்தல் அரசாங்கக் கடமையாயிற்று. ஏழையின் கையிற் காசு சேரின் வணிகன் தானே தானியத்தைக் கொணர்வான் என்பது இதன் உட்கருத்து.

ஆதலின் பெரியவர் கட்சியும் இளைஞர் கட்சியும் பாதி பாதியே மெய். அரசாங்கத்தார் கைவைத்ததனால் மிகுந்த கேட்டுக்கும் சான்றுண்டு. 1942-இல் ஜப்பானியர் வருகைக்கு அஞ்சி வங்காளக் கடலோரத்துப் படகுகளையும் அரிசி இருப்பையும் அகற்றியதும், மாகாணங்கள் தத்தம் தானியம் வெளிச்செல்லாது தடுத்ததும், 1943-ஆம் ஆண்டுப் பஞ்சத்தைக் கொடிதாக்கின. எவன்மேல் அக்கை விழுந்தது என்று யாம் முதலிற் கேட்போம்.

நம் மரபினர் தாது வருஷத்தில் எவ்விலைக்கு விற்றனர், எத்துணை தருமம் செய்தனர், எவர் நிலத்தை அடமானத்தில் எழுதி வாங்கினர் என்பன பழைய பேரேடுகளிற் காணக்கூடும். அத்தகைய ஏடுகள் எவர் வீட்டுப் பரணிலேனும் கிடப்பின், கறையான் அரிப்பதற்கு முன் அவற்றைச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்பிவைக்க வேண்டுகின்றோம். புகழ் தரும் பக்கங்களை மட்டும் தெரிந்தெடுத்து அனுப்பற்க.