அக்கரை: நிலம் குடிப்பெயராகும் வழி

லண்டனில் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் நிற்கும் சதர்க் பேராலயம் இடைக்காலத்தில் ‘தூய மரியாள் ஓவரி’ என்று அழைக்கப்பட்டது. ஓவரி என்றால் ஆற்றுக்கு அப்பால். தென்கரையில் குடியிருந்தவர்களுக்கு அந்த இடம் அப்பால் அன்று. வடகரையில் இருந்த மாநகரத்தார் தங்கள் பக்கம் நின்று சொன்ன பெயர் அது. ஆற்றுக்கு அப்பால் வாழ்ந்தவர் என்ற பொருளில் ‘ஓவரி’ ஆங்கிலேயரின் குடிப்பெயராகவும் வழங்குகிறது. சுசீந்திரத்தை அடுத்துள்ள அக்கரை என்ற சிற்றூரின் பெயரும் இதே முறையில் பிறந்தது என்பது என் கருத்து. ‘அ’ என்ற சேய்மைச் சுட்டு, பெயரிட்டவர் எதிர்க்கரையில் நின்றதைக் காட்டுகிறது. பழையாற்றங்கரையில் தாணுமாலயன் கோவிலும் தேரோடும் வீதிகளுமாக இருந்த சுசீந்திரமே அந்த எதிர்க்கரை.

ஆங்கிலக் குடிப்பெயர்களில் ஊர்ப்பெயரிலிருந்து வந்தவை வேறு, நில அடையாளத்திலிருந்து வந்தவை வேறு. முதல்வகை, பிறந்த ஊரைவிட்டு வெளியே போனவருக்கும் நிலவுடைமைப் பிரபுவுக்கும் அமைந்தது. இரண்டாம்வகை பெரும்பாலும் ஊரிலேயே இருந்த எளிய குடியானவருக்கு அண்டை வீட்டார் வைத்தது. மலையடியில் இருந்தவர் அண்டர்ஹில், நீர்க்கரையில் இருந்தவர் பைவாட்டர். ஆஷ் மரத்தடியில் இருந்தவரைக் குறித்த ‘அட்டன் ஆஷ்’ என்ற தொடர் சேர்ந்து ஒலித்து, தவறான இடத்தில் பிரிந்து, ‘நாஷ்’ ஆனது. இவ்வகைப் பெயர்கள் சசெக்ஸ் போன்ற தென்கிழக்குப் பகுதிகளில் மிகுதி என்பதை ரிச்சர்டு மெக்கின்லி 1988இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டினார். 1327, 1332 ஆண்டுகளின் வரிப் பட்டியல்களிலும், 1377 தொடங்கி மூன்றுமுறை விதிக்கப்பட்ட தலைவரிப் பட்டியல்களிலும் இவை ஏராளம். வாய்ச்சொல்லாக இருந்த அடைமொழிகள் ஏட்டில் ஏறின. தலைமுறை மாறிக் குடும்பம் இடம் பெயர்ந்த பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது.

சுசீந்திரம் அமைந்த நாஞ்சில் நாட்டிலும் நிலத்தைப் பார்த்து இட்ட பெயர்களுக்குக் குறைவில்லை. மருந்துவாழ்மலையின் அடிவாரத்தில் பொற்றையடி இருக்கிறது. பொற்றை என்பது பாறைக்குன்று. தென்பாண்டிப் பேச்சில் பொத்தை. அண்டர்ஹில் என்பதற்கு இதைவிட நெருங்கிய இணை கிடைக்காது. வழுக்கம்பாறையும் அவ்வாறே. ஆனால் இவை ஊர்ப்பெயர்களாகவே நின்றுவிட்டன. பொற்றையடியிலிருந்து ஒருவர் வெளியூர் போனால் ‘பொ’ என்ற ஒற்றை எழுத்தாக அவ்வூர் அவர் பெயருக்கு முன்னால் நிற்கும். அடுத்த தலைமுறையில் அதுவும் உதிர்ந்து தகப்பனார் பெயரின் முதலெழுத்து மட்டும் மிஞ்சும். பல வேளைகளில் சிற்றூருக்கு அந்த ஓரெழுத்துகூடக் கிடைப்பதில்லை. என்.எஸ். கிருஷ்ணன் 1908இல் பிறந்தது பழையாற்றை ஒட்டிய ஒழுகினசேரியில். அவர் பெயரில் இருக்கும் ‘என்’ நாகர்கோவிலைக் குறிக்கிறது.

இங்கிலாந்தில் ஆவணம் காத்த பெயரை நம் ஆவணம் கரைத்தது. இந்த வேறுபாட்டைச் சாதிப்பெயர், தந்தைபெயர் மரபுகளால் மட்டும் விளக்கும் போக்கு எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. ஏனெனில் அதே மரபுகளுக்குள்ளேயே, கச்சேரி மேடையில், நிலப்பெயர் குடிப்பெயராக வளர்ந்திருக்கிறது. லால்குடி ஜெயராமனின் மக்கள் சென்னையில் வளர்ந்தவர்கள்; அவர்களும் லால்குடி கிருஷ்ணன், லால்குடி விஜயலட்சுமி என்றே அறியப்படுகிறார்கள். அங்கே ஊர்ப்பெயர் தந்தையின் பாணியையும் பாடாந்தரத்தையும் சேர்த்துச் சுட்டுகிறது. எனவே ஓரெழுத்தாகக் குறுகாமல் முழுச்சொல்லாகவே நிற்கிறது.

அக்கரைக் குடும்பம் இதற்கு மிகக் கூர்மையான சான்று. வயலின் கலைஞர்களான அக்கரை சுபலட்சுமி, சொர்ணலதா சகோதரிகளின் பாட்டி சொர்ணாம்பாள் ஹரிகதைக் கலைஞர். பாட்டனார் இசைக்கலைஞர் சுசீந்திரம் சிவசுப்பிரமணியம். மகன் சுவாமிநாதன் ‘அக்கரை’ ஆனார். பேத்திகளும் அதையே ஏந்தினார்கள். புகழ் பரவப் பரவப் பெரிய ஊரின் பெயரைச் சூடுவதே வழக்கம். இங்கே பாட்டனார் கோவிலூரின் பெயரைக் கொண்டார். கண்டங்கள் கடந்து வாசிக்கும் பேத்திகள் எதிர்க்கரைச் சிற்றூரின் பெயரைக் கொண்டிருக்கிறார்கள். கலைஞரை மற்றவரிடமிருந்து பிரித்துக்காட்டும் பெயர் வேண்டும் என்ற மேடையின் தேவை இதற்கு ஒரு காரணமாகலாம். காரணம் எதுவானாலும் விளைவு தெளிவு: சுசீந்திரத்துக்காரர் கண்ணில் மட்டுமே பொருள்பட்ட ஒரு சுட்டுப்பெயர், சுசீந்திரத்தை அறியாத ரசிகரிடமும் ஒரு குடும்பத்தின் பெயராகிவிட்டது. ஓவரிக்கு நேர்ந்ததும் இதுதான்.

சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் ஓர் அக்கரை உண்டு; பக்கிங்காம் கால்வாய்க்கு அப்பால் இருப்பதால் பொருத்தமான பெயர். சென்னை ரசிகர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ள இடமிருக்கிறது. நில அடையாளப் பெயர்களின் இயல்பே அது. கரையும் குன்றும் எங்கும் உண்டு. ஹில் என்ற பெயருடைய இரு ஆங்கிலேயர் உறவினராக இருக்க வேண்டியதில்லை. அக்கரைக்காரர் இருவரும் அப்படியே.

ஆகவே தமிழில் குடிப்பெயர் இல்லை என்று பொதுப்படச் சொல்வதை விட்டு, எந்தெந்தத் தொழில்வட்டங்களில் நிலப்பெயர் தலைமுறை தாண்டியது என்று பிரித்துத் தேட வேண்டும். இசைவேளாளர், வைத்தியர், களரி ஆசான், வில்லிசைப் புலவர் ஆகியோரிடம் தொடங்கலாம். நாஞ்சில் நாட்டைப் பொறுத்தவரை கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தேடிச் சேர்த்த, அ.கா. பெருமாள் பதிப்பித்த முதலியார் ஓலைகள் என்ற பழைய ஆவணங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. அவற்றில் நிலம், வரி, ஆட்கள் பற்றிய செய்திகளைப் படித்தவர்கள் உண்டு. ஆட்களின் பெயருக்கு முன்னால் நிற்கும் அடைமொழிகளை மட்டும் தனியே பிரித்து, ஊர், கரை, குளம், பொற்றை என வகைப்படுத்தினால், ஆங்கில வரிப்பட்டியல்களோடு ஒப்பிடத்தக்க தரவு நம்மிடமும் சேரும்.