வெளிநாட்டில் பயின்ற செவிலியருக்கான உரிமம்

வெளிநாட்டில் பயின்ற செவிலியருக்கான உரிமம் என்பது, ஒரு நாட்டில் செவிலியம் படித்தவர் மற்றொரு நாட்டில் பணியாற்றுவதற்கு அங்குள்ள செவிலியர் மன்றத்திடம் பெற வேண்டிய அனுமதியாகும். செவிலியர் பதிவு, அதை வழங்கிய நாட்டின் எல்லைக்குள் மட்டுமே செல்லும். பெரம்பலூர் மாவட்டம் குரும்பலூரைச் சேர்ந்த ஒருவர் தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் பணிபுரிந்திருந்தாலும், துபாயிலும் லண்டனிலும் அவர் வெளிநாட்டில் பயின்றவராகவே கருதப்படுகிறார்.

பதிவேடுகளின் தொடக்கம்

செவிலியர் பதிவுக்கென நாடு முழுமைக்கும் தனிச்சட்டம் இயற்றிய முதல் நாடு நியூசிலாந்து (1901). பிரித்தானியச் சட்டம் 1919-இல் வந்தது. பதிவுச் சட்டம் உள்ள பிற பேரரசுப் பகுதிகளின் செவிலியரைப் பரஸ்பர அடிப்படையில் சேர்த்துக்கொள்ள அச்சட்டம் வழிசெய்தது. ஒரு பதிவேடு மற்றொரு பதிவேட்டை நம்புவதே அன்றைய முறை.

வேலூரில் ஐடா ஸ்கடரும் அமெரிக்கச் செவிலியர் டீலியா ஹோட்டனும் 1909-இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியபோது சென்னை மாகாணத்தில் இத்தகைய சட்டம் இல்லை. சென்னை செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம் 1926-இல் இயற்றப்பட்டது. தமிழ்நாட்டின் இன்றைய செவிலியர் மன்றம் அச்சட்டத்தின் வழிவந்ததே.

நம்பிக்கையிலிருந்து தேர்வுக்கு

அமெரிக்காவில் உரிமம் வழங்குவது மாநிலங்களின் பொறுப்பு. 1970-களில் அங்கு சென்ற வெளிநாட்டுச் செவிலியரில் பெரும்பாலோர் மாநில உரிமத் தேர்வில் தேறவில்லை. அவர்களில் பலர் படிப்புக்குக் குறைந்த உதவியாளர் வேலைகளில் தங்க நேர்ந்தது. இதைத் தவிர்க்க, புறப்படுமுன்பே தகுதியைச் சோதிக்கும் ஆணையம் (சி.ஜி.எஃப்.என்.எஸ்.) 1977-இல் நிறுவப்பட்டது. 1982-இல் என்கிளெக்ஸ் தேர்வு அறிமுகமாகி 1994-இல் கணினி வழிக்கு மாறியது. 2005 முதல் அமெரிக்காவுக்கு வெளியேயும் அதை எழுத முடிந்தது. பின்னர் சென்னையிலும் தேர்வு மையம் அமைந்தது.

பிரித்தானியா 2014-இல் இரண்டு கட்டச் சோதனையைக் கொண்டுவந்தது. முதலாவதான கணினித் தேர்வைச் சொந்த நாட்டிலேயே எழுதலாம். இரண்டாவது, ஆஸ்கி எனப்படும் செய்முறைத் தேர்வு. அது பிரித்தானியாவில் நடக்கிறது. அதில் தேறிப் பதிவு பெறும்வரை பதிவுபெற்ற செவிலியராகப் பணியாற்ற இயலாது. ஆங்கிலத் திறனுக்கு ஐஇஎல்டிஎஸ் அல்லது ஓஇடி தேர்வு முடிவுகள் ஏற்கப்படுகின்றன.

வளைகுடா நாடுகளும் ஆவணங்களும்

வளைகுடா நாடுகளில் புரோமெட்ரிக் நிறுவனம் நடத்தும் கணினித் தேர்வுகள் பரவலாக உள்ளன. இவற்றுடன் சான்றிதழ் சரிபார்ப்பும் உண்டு. விண்ணப்பதாரர் தரும் நகல் போதாது. கல்லூரி, செவிலியர் மன்றம், முன்பு பணிபுரிந்த மருத்துவமனை ஆகியவற்றிடம் நேரடியாகக் கேட்டு உறுதிசெய்வர். பணி அனுபவச் சான்று முறையாக இல்லையெனில் உழைத்த ஆண்டுகள் கணக்கில் சேராமல் போகலாம். தமிழ்நாட்டில் பெயருடன் தலைப்பெழுத்து மட்டும் எழுதும் வழக்கமும் சிக்கல் தரக்கூடியது. சான்றிதழில் தலைப்பெழுத்தும் கடவுச்சீட்டில் தந்தையின் முழுப்பெயரும் இருந்தால், இருவரும் ஒருவரே என மெய்ப்பிக்க வேண்டும்.

தனியார் முகவர்கள் சிலர் செவிலியரிடம் பெருந்தொகை வசூலித்ததையடுத்து, குடியேற்ற அனுமதி தேவைப்படும் நாடுகளுக்குச் செவிலியரை அரசு முகமைகள் வழியே அனுப்பும் முறையை இந்திய அரசு 2015-இல் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் இப்பணியைச் செய்வது 1978-இல் தொடங்கப்பட்ட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம்.

இந்தியாவின் விதிகள்

இந்தியாவும் வெளியிலிருந்து வருவோருக்கு நிபந்தனை விதிக்கிறது. இந்திய செவிலியர் மன்றச் சட்டம், 1947-இன்படி அயல்நாட்டுத் தகுதிகளை மன்றம் ஏற்க வேண்டும்; பிற நாடுகளுடன் பரஸ்பர ஏற்புக்காக அது பேச்சு நடத்தலாம். கற்பித்தல், ஆய்வு, அறப்பணி ஆகியவற்றுக்காக வரும் வெளிநாட்டவர் தற்காலிகப் பதிவு பெறவும் அச்சட்டம் இடமளித்தது. அதற்கு மாற்றாக, தேசிய செவிலிய, பேறுகாலப் பணி ஆணையச் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டது.

நாடுகளின் விதிகள் வேறுபட்டாலும், அயல்நாட்டு மன்றங்கள் பொதுவாக முதலில் கேட்பது சொந்த மாநிலத்தின் பதிவையே. அது புதுப்பிக்கப்படாமல் இருந்தால், வெளிநாட்டு விண்ணப்பமும் தொடக்கத்திலேயே நின்றுவிடக்கூடும்.