வெண்கட்டியில் ஏறிய மை

1990களின் பிற்பகுதியில் ஒரு நாளிதழின் செய்திப்பிரிவில் இராக்கடமையில் இருந்தபோது, போதைப்பொருள் வழக்கொன்றின் செய்தியை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும் பணி எனக்கு வந்து சேர்ந்தது. கைப்பற்றப்பட்ட தூள் ஹெரோயின் என்பது 'மெல்லிய படலப் பரிசோதனை' ஒன்றினால் கண்டறியப்பட்டதாக அதில் இருந்தது. கலைப்பட்டதாரியாகிய எனக்கு அச்சொற்றொடர் விளங்கவில்லை. விசாரிக்க நேரமும் இருக்கவில்லை. "மெல்லிய தாளில் சுற்றப்பட்டிருந்த ஹெரோயின்" என்று எழுதி அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள், இளைப்பாறிய விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் பத்திரிகையைக் கையில் மடித்துக்கொண்டு அலுவலகத்திற்கு வந்தார். கோபப்படவில்லை. "தம்பி, தாளிலை சுத்திறது வேறை, ஆய்வுகூடத்திலை சோதிக்கிறது வேறை. உதிலை ஒரு மனிசன்ரை சீவியம் எல்லோ கிடக்கு" என்றார்.

பின்னர் சட்டைப்பையிலிருந்து வெண்கட்டி ஒன்றை எடுத்தார். எனது கறுப்புப் பேனாவை வாங்கி, அதன் அடியிலிருந்து சற்று மேலே ஒரு புள்ளி வைத்தார். தேநீர்த் தட்டில் சிறிது நீர் ஊற்றி, புள்ளி நீரில் அமிழாதவாறு வெண்கட்டியை நிறுத்தினார். நீர் மெல்ல மேலேறியது. மையும் அதனுடன் ஏறியது. சில நிமிடங்களில் அந்தக் கறுப்பு, நீலமாகவும் சிவப்பாகவும் மஞ்சளாகவும் பிரிந்து வெவ்வேறு உயரங்களில் நின்றது. ஒரு பொருளென்று நான் நினைத்தது மூன்று பொருள்களின் கலவை.

"இதைக் கண்டுபிடிச்சது ஆர் எண்டு தெரியுமோ?" என்று கேட்டார். "தெரியாது சேர்" என்றேன். அன்று அவர் தொடக்கிவைத்த கதையைப் பின்னர் நூலகங்களில் தேடித்தேடி வாசித்தேன். அதனைத்தான் இங்கு எழுதுகிறேன்.

கதையின் முதல் நாயகன் மிக்காயில் ஸ்வெற். 1872இல் இத்தாலியின் அஸ்தி நகரில், ரஷ்யத் தந்தைக்கும் இத்தாலியத் தாய்க்கும் பிறந்தவர். ஜெனீவாவில் வளர்ந்து, அங்கேயே 1896இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். ரஷ்யாவுக்குச் சென்றபோது அந்தப் பட்டம் அங்கு ஏற்றுக்கொள்ளப்படவில்லை. மீண்டும் ஆய்வேடு எழுதிப் பட்டம் பெற வேண்டியதாயிற்று. அந்நிய தேசத்தில் தமது பட்டச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு வேறு தொழில் பார்த்த நம்மவர் பலருக்கு இந்த வேதனை புதிதல்ல.

ரஷ்யப் பேரரசின் ஆட்சியிலிருந்த வார்சோ நகரில் 1903ஆம் ஆண்டு மார்ச் மாதம் அவர் ஓர் உரை நிகழ்த்தினார். தூளொன்றைக் கண்ணாடிக் குழாயில் இறுக்கி நிரப்பி, இலைச்சாற்றின் கரைசலை மேலிருந்து ஊற்றினால், பச்சையும் மஞ்சளும் தனித்தனி வளையங்களாகப் பிரிகின்றன என்பதே உரையின் சாரம். 1906இல் ஜேர்மன் தாவரவியற் சஞ்சிகையில் எழுதியபோது இம்முறைக்குக் 'குரோமற்றோகிராபி' என்று பெயரிட்டார். நிறத்தையும் எழுதுதலையும் குறிக்கும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. தமிழில் நிறப்பிரிகை எனலாம். ரஷ்ய மொழியில் 'ஸ்வெற்' என்ற சொல்லுக்கே நிறம் என்றுதான் பொருள்!

ஆனால் அக்காலத்து இரசாயனவியலாளர் இதனைப் பொருட்படுத்தவில்லை. தாவர நிறப்பொருள் ஆய்வுக்காக 1915இல் நொபெல் பரிசு பெற்றவர் ஜேர்மனியின் ரிச்சர்ட் வில்ஸ்ரேற்றர். ஸ்வெற்றோ அதே ஆண்டு ஜேர்மன் படைகள் வார்சோவை நெருங்க, இடம்பெயர்ந்து சென்றார். இடப்பெயர்வு என்றால் என்ன என்பதை எமது வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1918இல் அவரது பெயரும் நொபெல் பரிசுக்கு முன்மொழியப்பட்டது. பரிசு கிடைக்கவில்லை. 1919இல் வொரோனேஷ் நகரில், 47 வயதில் மறைந்தார். 1931இல் ஜேர்மனியின் ஹைடெல்பேர்க்கில் ரிச்சர்ட் கூனும் எட்கார் லெடெரரும் அவரது முறையை மீண்டும் கையிலெடுத்த பின்னரே உலகம் அதன் பெறுமதியை உணர்ந்தது.

குழாய்முறையில் ஒரு சிரமம் இருந்தது. நேரம் அதிகம் பிடிக்கும். உக்ரேனின் கார்க்கோவ் நகரில் (இன்று கார்க்கிவ்) மருந்து ஆய்வு நிலையம் ஒன்றில் பணியாற்றிய நிக்கொலாய் இஸ்மாயிலொவ், மரியா ஷ்ரைபர் ஆகிய இருவருக்கும் மூலிகை மருந்துச் சாறுகளை விரைவாகப் பரிசோதிக்கும் வழி தேவைப்பட்டது. குழாயை விடுத்து, நுணுக்குக்காட்டிக்கு வைக்கும் கண்ணாடித் துண்டின் மீது அலுமினியம் ஒட்சைட்டுத் தூளை மெல்லிய படலமாகப் பரப்பினார்கள். அதில் ஒரு துளி சாறும், பின்னர் கரைப்பானும் விட்டபோது, வட்டத்துக்குள் வட்டமாகப் பொருள்கள் பிரிந்தன. சில நிமிடங்களில் வேலை முடிந்தது. 1938இல் சோவியத் மருந்தியற் சஞ்சிகையில் இதனை வெளியிட்டார்கள். மெல்லிய படல நிறப்பிரிகையின் பிறப்பு இதுவே.

அந்தக் கட்டுரையை வெளியுலகில் வாசித்தவர் மிகச் சிலர். 1941இல் கார்க்கோவ் ஜேர்மன் படைகளிடம் வீழ்ந்தது. 1951இல் கலிபோர்னியாவின் பசடீனாவில் ஜஸ்ரஸ் கேர்ச்னரும் அவரது சகாக்களும், தோடை எலுமிச்சை வகைகளின் வாசனைப் பொருள்களை ஆராய்வதற்காக, மாப்பொருளைப் பசையாக்கிச் சிலிசிக் அமிலத்தைக் கண்ணாடிப் பட்டியில் ஒட்டவைத்தார்கள். தூள் உதிராததால் பட்டியை நிமிர்த்தி நிறுத்தவும், கரைப்பான் கீழிருந்து மேலேறவும் முடிந்தது. என் மேசையில் வெண்கட்டி நின்றது போல!

எனினும் இம்முறையை உலகின் ஆய்வுகூடங்களுக்குள் கொண்டுசென்றவர் ஜேர்மனியரான எகோன் ஸ்ரால். 1956இல் அவர் எழுதிய முதற் கட்டுரையும் கவனிக்கப்படவில்லை. ஏன் என்று சிந்தித்தவர், 1958இல் படலம் பூசும் கருவியையும், ஜிப்சம் கலந்த சிலிக்கா ஜெல் தூளையும் நிறுவனங்கள் மூலம் விற்பனைக்குக் கிடைக்கச் செய்தார். எவரும் எங்கும் ஒரே விதமான படலத்தைப் பூசலாம் என்றானது. 1962இல் அவரது பெருநூலும் வெளிவந்தது. பள்ளிக்கூட வெண்கட்டியும் பெரும்பாலும் ஜிப்சமே என்பது இங்கு நினைக்கத்தக்கது.

இதனால் விளைந்த நன்மைக்கு ஓர் உதாரணம் போதும். 1960இல் இங்கிலாந்தில் இலட்சம் வான்கோழிகள் வரை மடிந்தன. தீவனத்தில் சேர்த்த பிரேசில் நாட்டு நிலக்கடலைப் பிண்ணாக்கில்தான் நஞ்சு இருந்தது. எங்கள் வழக்கில் கச்சான். அதில் வளர்ந்த பூஞ்சணத்தின் நஞ்சைப் படலத்தில் பிரித்துக் கழியூதாக் கதிரின் கீழ் வைத்தபோது சில புள்ளிகள் நீலமாகவும் சில பச்சையாகவும் ஒளிர்ந்தன. அஃப்ளரொக்சின் 'பி', 'ஜி' என்று இன்றும் வழங்கும் பெயர்கள், அந்த நீலத்தையும் பச்சையையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே. ஈரல் புற்றுநோயை உண்டாக்கும் நஞ்சு அது. ஈரப்பதத்தில் பூஞ்சணம் பிடித்த கச்சானை எறிந்துவிடச் சொல்வது இதனால்தான்.

ஆசிரியர் விடைபெறுமுன் சொன்ன ஒன்றை நான் மறக்கவில்லை. ஒரு பொருள் ஏறிய தூரத்தைக் கரைப்பான் ஏறிய தூரத்தால் வகுத்தால் ஓர் எண் வரும். சந்தேகப் பொருளையும் அறிந்த பொருளையும் ஒரே படலத்தில் பக்கத்தில் பக்கத்தில் ஏற்றி ஒப்பிடுவார்கள். இரண்டும் வெவ்வேறு உயரத்தில் நின்றால், அது இதுவல்ல என்று துணிந்து கூறலாம். ஒரே உயரத்தில் நின்றாலோ, அதுதான் இது என்று உடனே கூறிவிட முடியாது. வேறு பொருளும் அதே உயரத்தில் நிற்கலாம். வேறொரு முறையாலும் சோதித்தே முடிவு கூற வேண்டும்.

பத்திரிகைத் தொழிலுக்கும் இதைவிடச் சிறந்த விதி எனக்குத் தெரியவில்லை. ஒரு செய்தியைப் பொய்யென்று நிரூபிக்க ஒரு சான்று போதும். மெய்யென்று அச்சிடுவதற்கு இரண்டாவது சான்று வேண்டும். அந்த இரவில் நான் முதற் சான்றைக்கூடத் தேடவில்லை. மறுநாள் பத்திரிகையின் உட்பக்கத்தில் நான்கு வரித் திருத்தம் வெளிவந்தது. அதை எத்தனை பேர் வாசித்திருப்பார்கள்?

இஸ்மாயிலொவும் ஷ்ரைபரும் வாழ்ந்த கார்க்கிவ் நகரின் மீது 2022இலிருந்து மீண்டும் குண்டுகள் விழுந்த செய்திகளை மொழிபெயர்க்க நேர்ந்தபோதெல்லாம் எனக்கு அந்தக் கண்ணாடித் துண்டுதான் நினைவுக்கு வந்தது. ஸ்ராலின் உழைப்பைக் குறைத்து மதிப்பிட எனக்கு விருப்பமில்லை. கண்டுபிடிப்பது ஒரு பணி, அதைப் பலர் கைக்கு எட்டச்செய்வது இன்னொரு பணி. ஆனால் இரண்டாவது பணிக்குக் கிடைத்த புகழின் நிழலில் முதலாமவர்களின் பெயர் அழிந்துபோகக் கூடாது. அந்த ஆசிரியர் இன்று இல்லை. அவர் தந்துசென்ற வெண்கட்டி என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. நிறங்கள் வெளிறிவிட்டன. ஆனாலும் மூன்றும் தனித்தனியாகவே நிற்கின்றன.