வன்னியின் ஏணை

சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் வவுனிக்குளம் புனரமைக்கப்பட்டு, காடு திருத்திக் கழனியாக்க வந்த குடும்பங்கள் மல்லாவியைச் சூழ்ந்த பிரதேசத்திற் குடியேறிய காலத்தில், மண் சுவரும் ஓலைக் கூரையும் கொண்ட அவர்தம் இல்லங்களிற் பிறந்த சிசுவுக்குரிய முதலாசனம், வளையிற் கயிறு கட்டித் தாயின் பழஞ்சேலையைத் தொங்கவிட்ட ஏணையேயாகும். பாம்பும் பூச்சியும் ஊரும் தரையினின்று குழந்தையை உயர்த்தி, காற்றோட்டமும் தந்து, வேலையில் ஈடுபட்ட தாயின் கைக்கெட்டும் தூரத்தில் அது நின்றது. 2008ஆம் ஆண்டின் போர்க்கால இடப்பெயர்விலே, மரக்கட்டிலும் தொட்டிலும் கைவிடப்பட்டபோதும், ஒரு சேலையும் ஒரு மரக்கிளையும் கிடைத்த இடமெல்லாம் ஏணை எழுந்தது. அம்மக்களின் துன்பத்தில் அது செய்த உபகாரம் மறக்கற்பாலதன்று.

ஆயினும் பழமையின்மீது கொண்ட பக்தி, சிசுவின் பிராணனுக்கு மேலானதன்று. வளைந்த துணியிற் குழந்தையின் நாடி நெஞ்சோடு மடிந்தால் சுவாசம் தடைப்படக்கூடும்; ஆதலின் உறுதியான, சமதளமான மெத்தையில் மல்லாக்கக் கிடத்துவதே உசிதமென இன்றைய வைத்தியம் வற்புறுத்துகிறது. மரத்தொட்டிலின் சட்டங்களுக்கிடையே ஆறு சென்ரிமீற்றருக்கு மேல் இடைவெளி இருத்தலாகாது. பக்கம் இறங்கும் தொட்டில்களில் சிசுக்கள் சிக்கி மாண்டமையால், அமெரிக்கா 2011இல் அவற்றின் விற்பனையைத் தடைசெய்தது.

இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடெனப் பிரகடனம் பெற்றபோதிலும், டெங்குவை நினைத்து நுளம்பு வலையை இறுகக் கட்டுதல் இன்றும் அவசியமே. தலையணையும் பொம்மையுமற்ற வெறுந்தொட்டிலே குழந்தைக்கு உத்தமமான படுக்கை.