பல்மைராவின் காலித், ஜலாலாபாத்தின் நகமுரா

2015 ஆகஸ்ட் 18 அன்று சிரியாவின் பல்மைராவில், எண்பது வயதைத் தாண்டிய காலித் அல்-அஸ்அத் என்ற தொல்லியலாளரை ஐஎஸ் அமைப்பினர் ஊர் நடுவே தலையை வெட்டிக் கொன்றார்கள். 2019 டிசம்பர் 4 அன்று ஆப்கானிஸ்தானின் ஜலாலாபாத்தில், காலையில் வேலைக்குக் கிளம்பிய தெத்ஸு நகமுரா என்ற 73 வயது ஜப்பானிய மருத்துவரின் வண்டியை மறித்துச் சுட்டார்கள். இருவரும் ஆயுதம் எடுத்தவர்கள் அல்லர். ஊரை விட்டுப் போய்விடுமாறு இருவருக்கும் பலர் சொல்லியிருந்தார்கள், இருவருமே போகவில்லை. இறந்த பிறகு இருவருடைய பெயரும் உலகமெங்கும் பேசப்பட்டது. ஆனால் அந்தப் பெயர்களுக்கு அதன்பின் நேர்ந்தவை வேறு வேறு. இந்த ஒப்பீட்டுக்கு என்னைத் தூண்டியது அந்த வேறுபாடுதான்.

முதலில் நகமுரா. ஃபுகுவோக்காவில் பிறந்தவர், கியூஷு பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தவர். 1978இல் இந்துகுஷ் மலைக்குப் போன மலையேறுநர் குழு ஒன்றுக்கு வைத்தியராகப் போனார். வழியெங்கும் நோயாளிகள் அவரைத் தேடி வந்தார்கள், கொடுக்க மருந்து இல்லை. 1984இல் பாகிஸ்தானின் பெஷாவருக்குத் தொழுநோய் சிகிச்சைக்காகத் திரும்பிப் போனவர், பிறகு எல்லை தாண்டி ஆப்கானிஸ்தானுக்குள்ளும் மருத்துவமனைகள் அமைத்தார். அவருக்கு உதவ ஜப்பானில் நண்பர்கள் தொடங்கிய அமைப்பின் பெயர் பெஷாவர்-காய்.

2000இல் ஆப்கானிஸ்தானைக் கடும் வறட்சி பிடித்தது. குழந்தைகள் வயிற்றுப்போக்கில் செத்தன, கிராமங்கள் காலியாயின. நல்ல தண்ணீரும் சோறும் இருந்திருந்தால் இந்த நோயாளிகளில் பாதிப் பேர் தன்னிடம் வந்திருக்கவே மாட்டார்கள் என்று அவருக்குப் பட்டது. கிணறு வெட்ட ஆரம்பித்தார். ஏறத்தாழ 1,600 கிணறுகள். நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டே போகவும், 2003இல் குனார் ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டத் துணிந்தார். பொறியியல் தெரியாது. மகளுடைய கணக்குப் பாடப்புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு கற்றார் என்பது அவரைப் பற்றி எல்லோரும் சொல்லும் கதை.

மாதிரிக்கு அவர் எடுத்துக்கொண்டது தன் சொந்த மாகாணத்தில் 1790இல் கட்டப்பட்ட யமதா அணை. ஆற்றை மறித்து நிறுத்தாமல், ஓட்டத்துக்குச் சாய்வாகக் கற்களைப் பரப்பி, நீரை வாய்க்கால் பக்கம் திருப்பும் அணை அது. கல்லணையைப் பார்த்து வளர்ந்த தஞ்சாவூர்க்காரருக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. கரைக்குக் கம்பிவலைக் கூடைகளில் கல் அடைத்து அடுக்கினார், பின்னால் வில்லோ மரங்களை நட்டார். வேர் உள்ளே இறங்கிக் கல்லைப் பிடித்துக்கொள்ளும். ஆப்கான் கிராமத்தான் கல்வேலையில் தேர்ந்தவன். இவர் ஜப்பானுக்குத் திரும்பிய பின்னும் உடைந்ததை ஊராரே பழுதுபார்த்துக்கொள்ள முடியவேண்டும் என்பதுதான் அந்த வடிவமைப்பின் கணக்கு. மர்வாரித் என்ற பெயர் பெற்ற அந்த வாய்க்கால் சுமார் 25 கிலோமீட்டர் ஓடி காம்பேரி பாலைவனத்தை எட்டியது. பிற அணைகளும் வாய்க்கால்களும் சேர்ந்து 16,500 ஹெக்டேர் நிலம் பாசனம் பெற்றது என்றும், ஆறரை லட்சம் பேர் பிழைப்புக்கு அது ஆதாரம் என்றும் பெஷாவர்-காய் கணக்குச் சொல்கிறது. நகமுரா கிறிஸ்தவர். ஆனால் வாய்க்காலோரத்தில் மக்களுக்குப் பள்ளிவாசலும் மதரசாவும் கட்டிக் கொடுத்தார்.

காலிதின் வாழ்க்கையில் இப்படி நாடு கடந்த பயணம் எதுவும் இல்லை. அவர் அந்த மண்ணிலேயே பிறந்தவர். அரபு மொழியில் தத்முர் எனப்படும் பல்மைராவின் இடிபாடுகளுக்குப் பக்கத்தில் வளர்ந்தவர். டமாஸ்கஸில் வரலாறு படித்துவிட்டு ஊர் திரும்பி, 1963 முதல் 2003 வரை நாற்பது ஆண்டுகள் பல்மைராவின் தொல்லியல் பொறுப்பாளராக இருந்தார். போலந்து முதலான பல நாட்டு அகழாய்வுக் குழுக்கள் அவரை நம்பியே அங்கு வேலை செய்தன. 1980இல் யுனெஸ்கோ பல்மைராவை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது அவர் பதவியில் இருந்த காலத்தில்தான். பல்மைராவின் அரமேய எழுத்தை அவர் தாமாகவே கற்றுப் படித்து மொழிபெயர்த்தவர். பெண்ணுக்கு வைத்த பெயர் செனோபியா, ரோமை எதிர்த்து நின்ற பல்மைரா அரசியின் பெயர்.

அந்த எழுத்து நமக்கும் முழுக்க அந்நியம் அல்ல. சொக்கோத்ரா தீவின் ஹோக் குகையில் கி.பி. 258இல் பல்மைராக்காரர் ஒருவர் எழுதிவைத்துவிட்டுப் போன மரப்பலகை கிடைத்திருக்கிறது. அதே குகையின் சுவர்களில் இந்திய மாலுமிகள் தங்கள் பெயர்களைப் பிராமியில் எழுதியிருக்கிறார்கள். நம் பக்கத்துக் கடல் வணிகத்தின் மறுகரை ஆட்கள் எழுதியதைப் படிக்கத் தெரிந்த சிலரில் ஒருவர் காலித்.

2015 மே மாதம் ஐஎஸ் பல்மைராவைப் பிடித்தது. அதற்குச் சில மணி நேரம் முன்புவரை அருங்காட்சியகத்தின் நூற்றுக்கணக்கான பொருள்கள் லாரிகளில் டமாஸ்கஸுக்கு ஏற்றப்பட்டன. காலிதின் குடும்பத்தாரும் அந்த வேலையில் இருந்தார்கள். அவர் மட்டும் வீட்டை விட்டு நகரவில்லை. பிடித்துக்கொண்டு போனார்கள், ஏறக்குறைய ஒரு மாதம் வைத்திருந்தார்கள். மறைத்த பொருள்கள் எங்கே என்று கேட்டார்கள். அவர் சொல்லவில்லை என்கிறார்கள் சிரியத் தொல்லியல் அதிகாரிகள். ஆகஸ்ட் 18இல் கொன்று, உடலைக் கட்டித் தொங்கவிட்டார்கள்.

இந்த இடத்தில் இரண்டு கொலைகளும் பிரிகின்றன. காலிதைக் கொன்றவர்கள் காரணத்தை எழுதி அவர் உடலிலேயே மாட்டினார்கள். காபிர்களின் மாநாடுகளில் சிரியாவின் சார்பில் கலந்துகொண்டார், பல்மைராவின் விக்கிரகங்களுக்குப் பொறுப்பாளராக இருந்தார், ஈரானுக்குப் போய்வந்தார், அரசின் பாதுகாப்பு அதிகாரிகளோடு தொடர்பு வைத்திருந்தார் என்று குற்றங்களின் பட்டியல். முதலிரண்டு வரிகளைப் படித்தால், அவருக்குப் பணி ஓய்வு விழாவில் வாசித்தளிக்கும் பாராட்டு மடல் போலவே இருக்கிறது. அவரைப் பற்றிய முதல் நினைவுக்குறிப்பைக் கொலைகாரர்களே எழுதிவிட்டார்கள்.

நகமுராவைச் சுட்டவர்கள் ஒன்றும் எழுதவில்லை. யாரும் பொறுப்பேற்கவில்லை. தாலிபான்கள் நாங்கள் இல்லை என்றார்கள். ஆற்று நீர் சம்பந்தமான அவருடைய வேலையே காரணமாயிருக்கலாம் என்று ஆப்கான் அதிகாரிகள் சந்தேகம் தெரிவித்தார்கள். சந்தேகத்துக்குரியவர் என்று சொல்லப்பட்ட பாகிஸ்தான் தாலிபான் ஆள் ஒருவர் 2021இல் காபூலில் கொல்லப்பட்டார். விசாரணை நடந்து தீர்ப்பு வந்து முடிந்த வழக்கல்ல அது.

காரணம் தெரிந்த கொலையை நினைவுகூர்வது எளிது என்றுதான் தோன்றும். நடந்தது நேர்மாறு. எழுதி மாட்டிய அந்த அட்டையின் கடைசி வரி இன்றும் சங்கடம் தருகிறது. காலித், சிரியாவை ஆண்ட பாத் கட்சியின் உறுப்பினர். நாற்பது ஆண்டுகள் அரசாங்கத்தின் ஊழியர். தத்முர் என்ற பெயரைக் கேட்டதும் உலகம் தூண் வரிசைகளை நினைக்கிறது. சிரியர் பலருக்கோ நினைவுக்கு வருவது அந்த ஊரின் சிறை. 1980 ஜூனில் ஹஃபெஸ் அல்-அசாதின் ஆட்சி அந்தச் சிறைக்குள் நூற்றுக்கணக்கான கைதிகளைச் சுட்டுக் கொன்றது. தூண்களுக்கும் சிறைக்கும் இடையே அதிகத் தொலைவு இல்லை. சிறையில் இருந்துவந்த ஒருவரால் தொல்லியல் அதிகாரியின் தியாகத்தைப் பற்றி உலகத்தோடு சேர்ந்து உருக முடியாமல் போவதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். அதற்காகக் காலிதின் சாவு சிறுத்துவிடுவதும் இல்லை. அரசு ஊழியராக இருந்தது கொலைக்குரிய குற்றம் என்றால் போர் நடக்கும் எந்த நாட்டிலும் ஆசிரியரும் தபால்காரரும் மிஞ்ச மாட்டார்கள்.

அவரை உலகம் எப்படி நினைவுகூர்ந்தது? இத்தாலியின் அருங்காட்சியகங்களில் கொடிகள் அரைக்கம்பத்தில் பறந்தன. அந்நாட்டின் பேஸ்தும் நகரில் ஆண்டுதோறும் தரப்படும் தொல்லியல் கண்டுபிடிப்பு விருதுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. பல்மைராவின் வெற்றி வளைவை ஐஎஸ் தகர்த்தபின், அதன் நகலை 2016 ஏப்ரலில் லண்டன் டிராஃபல்கர் சதுக்கத்தில் நிறுத்திப் படமெடுத்துக்கொண்டார்கள். அதற்குள் ஐஎஸ் கையிலிருந்து மீட்கப்பட்டிருந்த பல்மைராவின் ரோமானிய அரங்கில் அடுத்த மாதமே ரஷ்ய இசைக்குழு கச்சேரி நடத்தியது, காலிதின் நினைவும் அதில் சேர்க்கப்பட்டிருந்தது. ஐஎஸ் சிறுவர்களை வைத்துச் சிப்பாய்களைச் சுட்டுக் கொன்ற அதே அரங்கம். புடின் காணொளி வழியே பேசினார். அதே ஆண்டு டிசம்பரில் ஊர் மறுபடியும் ஐஎஸ் கையில். எனக்கு அந்தக் கச்சேரி அஞ்சலியாகப் படவில்லை. வெற்றி அணிவகுப்பில் ஒரு முதியவரின் படத்தையும் தூக்கிக்கொண்டு போனது போலத்தான் இருந்தது.

இத்தனையிலும் இல்லாதவர்கள் தத்முர் ஊரார். அவர்கள் அகதிகளாய்ச் சிதறியிருந்தார்கள். நினைவுகூர ஆள் வேண்டும், அந்த ஆள்கள் ஊரில் இல்லை. 2021இல் அவருடையதெனக் கருதப்படும் எச்சங்கள் பல்மைராவுக்குக் கிழக்கே கிடைத்ததாகச் சிரிய அரசுச் செய்தி நிறுவனம் அறிவித்தது. ஐந்தரை ஆண்டுகள் ஒரு கல்லறைகூட இல்லாமல் வெளிநாட்டு விருதுகளில் மட்டும் வாழ்ந்த நினைவு அது.

நகமுராவுக்கு நடந்ததைப் பாருங்கள். காபூல் விமான நிலையத்தில் அவர் சவப்பெட்டியை அதிபர் அஷ்ரஃப் கனி தோள் கொடுத்துச் சுமந்தார். சாவுக்கு இரண்டு மாதம் முன்புதான் அவருக்கு கௌரவக் குடியுரிமை கொடுத்திருந்தார். காபூல் சுவரில் ஓவியர்கள் நகமுராவின் முகத்தை வரைந்தார்கள். 2021 ஆகஸ்டில் தாலிபான்கள் வந்தார்கள், சில வாரங்களில் அந்த முகத்தின்மேல் வெள்ளையடித்துத் தங்கள் வாசகத்தை எழுதினார்கள். இத்தோடு சரி என்று எல்லோரும் நினைத்தார்கள். அடுத்த ஆண்டே, 2022இல், அதே தாலிபான் ஆட்சியில் ஜலாலாபாத்தில் நகமுரா சதுக்கம் திறக்கப்பட்டது, அவருடைய பெரிய படத்தோடு. உருவப்படம் கூடாது என்று சுவர்களை அழித்தவர்களின் ஆட்சியில் ஒரு கிறிஸ்தவ வெளிநாட்டாரின் உருவம் ஊர் நடுவே நிற்கிறது.

மனம் மாறிவிட்டார்கள் என்று நான் நம்பவில்லை. வாய்க்கால் ஓடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அந்த மாகாணத்தை ஆள்பவன் எவனாக இருந்தாலும் அந்தத் தண்ணீரில் கோதுமை விளைய வேண்டும், காகா முராத் என்று அவரைச் செல்லமாக அழைத்த விவசாயிகள் ஊரிலேயே இருக்கிறார்கள். ஜப்பானும் அவர் விஷயத்தில் முழுக்க நேர்மையாக இருந்தது என்று சொல்ல முடியாது. 2001இல் ஜப்பானிய நாடாளுமன்றத்தில், ஜப்பானியப் படையை அனுப்புவது தீங்கு தருமே தவிரப் பயனில்லை என்று அவர் நேரடியாகச் சாட்சியம் சொன்னபோது, ஆளுங்கட்சி வரிசையில் கூச்சல் எழுந்தது. இறந்தபின் அதே அரசு விருது கொடுத்தது. விருது பெற்ற நகமுராவில் அந்தச் சாட்சியம் பெரும்பாலும் காணாமல் போய்விடுகிறது.

இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி நடந்த ஒன்றும் உண்டு. நகமுராவோடு அன்று இறந்தவர்கள் ஐந்து ஆப்கானியர்கள், வண்டியோட்டியும் காவலர்களும். உலகச் செய்திகளில் அவர்கள் ‘மேலும் ஐவர்’. 2008இல் அதே மாகாணத்தில் கடத்திக் கொல்லப்பட்ட, பெஷாவர்-காயின் 31 வயது வேளாண் ஊழியரை ஜப்பானுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. அதற்குப்பின் நகமுரா ஜப்பானியப் பணியாளர்களை ஊருக்கு அனுப்பிவிட்டுத் தான் மட்டும் தங்கினார். பல்மைராவிலும் காலிதுக்கு முன்னும் பின்னும் கொல்லப்பட்ட ஊர்க்காரர்களுக்குப் பட்டியல்கூட எளிதில் கிடைக்காது. நம் முன்னோர் ஆநிரை மீட்டு விழுந்தவனுக்கு நடுகல் வைத்தார்கள். அவன் வேலோடு செத்தவன். வெறுங்கையோடு செத்தவனுக்குக் கல் வைப்பதில் உலகத்துக்கே இன்னும் பழக்கம் போதவில்லை, அப்படி வைக்கும்போதும் புகழ்பெற்றவனாகப் பார்த்து வைக்கிறது.

இருவரில் எவருடைய நினைவு நிலைக்கும் என்று கேட்டால், நகமுராவுடையது என்பேன். அவர் பெரியவர், இவர் சிறியவர் என்பதால் அல்ல. காலித் விட்டுப்போன பேல் கோயிலும் பால்ஷமீன் கோயிலும் அவர் செத்த அதே மாதத்தில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. நகமுரா விட்டுப்போனதை உடைத்தால் உடைப்பவன் வீட்டிலும் அடுப்பு எரியாது. பழங்கல்லுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதைக் காக்க, அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் அந்த ஊரிலேயே இருக்க வேண்டும்.

2024 டிசம்பரில் பஷார் அல்-அசாதின் ஆட்சி விழுந்தது, தத்முர்க்காரர்கள் ஊர் திரும்பத் தொடங்கினார்கள். பல்மைராவைச் சீரமைக்கப் பல நாடுகள் பணத்தோடு வரும். வருகிறவர்கள் தூண்களை எண்ணி நிமிர்த்துவதற்கு முன்னால், திரும்பி வந்தவர்களின் வீட்டுக்குக் கூரை போட்டுக் கொடுக்கட்டும். காலித் தாமாகக் கற்ற அந்த எழுத்தை, அந்த வீடுகளின் பிள்ளைகளில் பத்துப் பேருக்காவது ஆசிரியர் வைத்துக் கற்றுக்கொடுக்கட்டும்.