சாகும்போதும் செத்த பிறகும் தனியே விடாத யூதர் மரபு

சிங்கப்பூர் வாட்டர்லூ ஸ்திரீட்டில் கிருஷ்ணன் கோயிலுக்குப் போகிறவர்கள், அதே தெருவில் உள்ள மகேன் அபோத் யூத ஜெப ஆலயத்தைக் கடந்து போயிருப்பார்கள். 1878ல் திறக்கப்பட்ட ஆலயம் அது. பினாங்கில் இன்று ஜாலான் ஜைனல் அபிடின் எனப்படும் சாலைக்கு முன்பு ஜாலான் யாகூடி என்று பெயர். யூதர்களின் பழைய இடுகாடு அங்கே இருக்கிறது. இவ்வளவு அருகில் வாழ்ந்த சமூகம் தன் சாவு வீட்டை எப்படி நடத்துகிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

சாகக் கிடப்பவர், இறந்தவரின் உடல், துக்கத்தில் இருப்பவர் ஆகிய மூவரில் எவரையும் தனியே விடக்கூடாது என்பதே அவர்களுடைய முறைகளின் அடிப்படை. அதைப் பணம் கொடுத்து வெளியாளிடம் ஒப்படைக்காமல், ஊராரே செய்ய வேண்டும் என்பது அடுத்தது.

நோயாளியைப் போய்ப் பார்ப்பது யூதர்களுக்குக் கடமை. உயிர் பிரியும் தறுவாயில் உள்ளவரை எபிரேய மொழியில் ‘கோசேஸ்’ என்பார்கள். அவர் எல்லா வகையிலும் உயிருள்ள மனிதராகவே கருதப்படுகிறார். அணையப் போகும் விளக்கைத் தொட்டால் அணைந்துவிடும் என்பதுபோல, அவரைத் தேவையில்லாமல் அசைக்கவும் கூடாது என்கிறது பழைய சட்டம். முடிந்தால் அவர் தன் பிழைகளை இறைவனிடம் ஒப்புக்கொண்டு பிரார்த்திப்பார். அதைச் சொல்லச் சொன்னால் பயந்துவிடுவார் அல்லவா? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். இதைச் சொல்லிவிட்டுப் பிழைத்தவர்கள் பலர், சொல்லாமலே இறந்தவர்களும் பலர் என்று நோயாளியிடம் எடுத்துச் சொல்ல வேண்டுமாம்.

உயிரைப் பிடித்து வைப்பதா, போக விடுவதா? மருத்துவமனையில் சுவாச இயந்திரத்தின் பக்கத்தில் நின்றிருக்கும் எந்தக் குடும்பத்துக்கும் இந்தக் கேள்வி புதிதல்ல. யூதர்களின் தல்மூத் நூலில் இதற்கு ஒரு கதை உண்டு. சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ரபி யூதா என்ற பெரிய குரு சாகக் கிடந்தார். சீடர்கள் இடைவிடாமல் பிரார்த்தித்ததால் உயிர் பிரியவில்லை. அவர் படும் வேதனையைப் பார்த்த வீட்டு வேலைக்காரப் பெண், மாடியிலிருந்து ஒரு ஜாடியைக் கீழே போட்டாள். சத்தத்தில் பிரார்த்தனை ஒரு கணம் நின்றது; குருவின் உயிர் பிரிந்தது. நூலில் அவளைப் பழிக்கும் வார்த்தை ஒன்றுகூட இல்லை. 16ஆம் நூற்றாண்டில் போலந்தின் கிராகோவ் நகரில் வாழ்ந்த ரபி மோசஸ் இசர்லெஸ், சாவை விரைவுபடுத்தக் கூடாது, ஆனால் உயிர் பிரியத் தடையாக இருப்பதை, உதாரணமாக வெளியே விறகு வெட்டும் ஓசையை, நிறுத்தலாம் என்று எழுதினார். அந்த நூலிழை வேறுபாட்டை வைத்து இன்றும் விவாதம் நடக்கிறது. இஸ்ரேல் 2005ல் இயற்றிய சட்டம், ஓடிக்கொண்டிருக்கும் சுவாச இயந்திரத்தை நிறுத்த அனுமதிக்கவில்லை. ஆனால் குறித்த நேரத்தில் தானாக நிற்கும் கருவியைப் பொருத்த இடம் கொடுத்தது.

உயிர் பிரிந்ததும் கண்களை மூடுகிறார்கள். அடக்கம் வரை ஒருவர் உடலின் அருகிலேயே இருந்து சங்கீதங்களை வாசிப்பார். கூடிய விரைவில் அடக்கம் செய்துவிட வேண்டும். சனிக்கிழமை ஓய்வுநாளில் கூடாது.

குளிப்பாட்டும் பொறுப்பு ‘செவ்ரா கதீஷா’வுடையது. ‘புனிதச் சங்கம்’ என்று பொருள். நம் தோட்டங்களில் மரண சகாய நிதிக்கு மாதாமாதம் காசு கட்டியவர்களுக்கு இப்படியொரு சங்கம் ஏன் தேவை என்று விளக்க வேண்டியதில்லை. ஐரோப்பாவில் பெயர்பெற்ற பிராக் நகரச் சங்கம் 1564ல் தொடங்கியது. அதன் வேலைகளைக் காட்டும் 18ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் அங்குள்ள யூத அருங்காட்சியகத்தில் உள்ளன. ஆண் உடலை ஆண்களும் பெண் உடலைப் பெண்களும் கழுவுகிறார்கள். உடலைக் குப்புறப் போடுவதில்லை; அதன் குறுக்கே ஒரு பொருளையும் கைமாற்றுவதில்லை. பிறகு இருபது லிட்டருக்கு மேல் தண்ணீரை, ஒரு பாத்திரம் முடியும் முன்பே அடுத்ததைத் தொடங்கி, தாரை அறாமல் ஊற்றுகிறார்கள். வேலை முடிந்ததும் இறந்தவரைப் பெயர் சொல்லி அழைத்து, மரியாதைக் குறைவாக ஏதும் நடந்திருந்தால் மன்னிக்கும்படி கேட்கிறார்கள். இந்தச் சேவைக்கு ‘உண்மையான அன்பு’ என்று பெயர். பெற்றுக்கொள்பவரால் திருப்பிச் செய்யவே முடியாதே!

பணக்காரரானாலும் ஏழையானாலும் உடுத்துவது ஒரே மாதிரியான வெள்ளைத் துணி. அதில் பை கிடையாது. ஒரு காலத்தில் அடக்கச் செலவு சாவைவிடப் பெரிய பாரமாகி, சொந்தங்கள் உடலை விட்டுவிட்டு ஓடினார்களாம். வசதி படைத்த தலைவரான ரபான் கமாலியேல், தன்னை எளிய லினன் துணியில் அடக்கம் செய்யச் சொன்ன பிறகுதான் வழக்கம் மாறியது என்கிறது தல்மூத். கடன் வாங்கிக் கருமாதி செய்த வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை சுருக்கென்று தைக்கும். பெட்டியும் சாதாரண மரப்பெட்டிதான். ஜெருசலேமில் பெரும்பாலும் அதுவும் இல்லை. குழியில் மண் தள்ளுவது குடும்பத்தாரும் வந்தவர்களும்.

அதுவரை இறந்தவரைச் சார்ந்தது கவனம். அடக்கம் முடிந்ததும் அது துக்கக்காரர்கள் பக்கம் திரும்புகிறது. பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தோர், கணவன் அல்லது மனைவி ஆகியோரே சட்டப்படி துக்கக்காரர்கள். அவர்கள் உடையைக் கிழித்துக்கொள்கிறார்கள். தாய் தந்தைக்கு என்றால் இதயம் இருக்கும் இடது பக்கத்தில். முதல் சாப்பாட்டை அவர்கள் சமைக்கக் கூடாது. அக்கம்பக்கத்தார் முட்டையும் பருப்பும் கொண்டு வருகிறார்கள். அந்தப் பருப்பில் பிளவு இல்லாததால், வாயடைத்து நிற்கும் துக்கக்காரருக்கு அதை ஒப்பிடுவார்கள்.

ஏழு நாள் துக்கம் ‘ஷிவா’. தாழ்ந்த இருக்கை, மூடிய கண்ணாடி, வேலைக்குப் போகாத வீடு. யூத நண்பர் வீட்டுக்கு அந்த நாள்களில் போக நேர்ந்தால் பூ வேண்டாம். சாப்பாடு கொண்டு போகலாம். அவர்கள் உணவு விதியைக் கேட்டுக்கொள்வது நல்லது. உட்காருங்கள், பேச்சை நீங்கள் தொடங்காதீர்கள். துக்கக்காரர் வாய் திறந்த பிறகே மற்றவர் பேச வேண்டும் என்பது விதி. யோபுவின் நண்பர்கள் அவனோடு ஏழு நாள் பேசாமல் உட்கார்ந்திருந்ததாக வேதாகமம் சொல்வதிலிருந்து எடுத்தது இது.

ஏழாம் நாள் காலையில் எழுந்து வீட்டை விட்டு வெளியே சிறிது தூரம் நடந்துவிட்டு வரும் பழக்கம் பல இடங்களில் உண்டு. முப்பதாம் நாளோடு பெரும்பாலான தடைகள் முடிகின்றன. தாய் தந்தைக்கு மட்டும் பன்னிரண்டு மாதம். அவர்களுக்காக ‘கதிஷ்’ என்ற பிரார்த்தனையைச் சொல்வார்கள். அதில் சாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, இறைவனின் புகழ் மட்டுமே. பத்துப் பேர் கூடினால்தான் சொல்ல முடியும் என்பதால் துக்கக்காரர் தினமும் மனிதர்களைத் தேடிப் போயாக வேண்டும். தீயவர்களுக்கே பன்னிரண்டு மாதம் தீர்ப்பு என்ற நம்பிக்கை இருப்பதால், தன் பெற்றோரை அந்த வரிசையில் வைக்காமல் பதினோராம் மாதத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். பிறகு ஒவ்வோர் ஆண்டும் அந்தத் திதியில் ஒரு நாள் முழுவதும் எரியும் மெழுகுவர்த்தி. கல்லறைக்குப் போகிறவர்கள், வந்து போனதற்கு அடையாளமாக ஒரு சிறு கல்லை அதன்மேல் வைத்துவிட்டு வருகிறார்கள்.